ஏப்பம் விட வைக்கும் வேலை அப்பாவுக்கு

பால் கொடுக்க முடியாத நமக்கு என்ன வேலை என்று ஒதுங்கி நிற்கும் புது அப்பாக்களே, குடித்து முடித்த பிள்ளையைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விட வைக்கும் வேலையை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி 2 மணி முறையும் சேர்த்துத்தான்! பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம்தான் ஓரளவு தெரியும், அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பேசுங்கள். 1964-இல் வெளிவந்த, ஷாஃபர், எமர்சன் என்ற உளவியல் ஆய்வாளர்களின் ஆய்வில், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைக் கவனித்தபோது, யார் பால் ஊட்டினார்கள் என்பதைவிட யார் அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனே பதில் கொடுத்தார்கள் என்பதே ஒட்டுதலுக்குப் பெரிய காரணமாகத் தெரிந்தது. மனைவி தாய்வீட்டில் இருக்கிறாரா? வீடியோ கால் போதாது, சனி ஞாயிறு போய்விடுங்கள். அப்புறம், அழுததும் அம்மாவிடம் நீட்டாதீர்கள். பசி இல்லையென்றால் கொஞ்ச நேரம் நீங்களே தோளில் போட்டு நடந்து பாருங்கள்.