ஓவர்டென்ச்சர் வேலையில் லேப் சறுக்கும் இடங்கள்

கீழ்த்தாடையில் இரண்டு இம்பிளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்), அவற்றின்மேல் லொக்கேட்டர் (பட்டன் போன்ற பிடிப்பு), அதைக் கவ்விக்கொள்ளும் பல்செட்: இதுதான் ஓவர்டென்ச்சர். கீழ்ப்பல் முழுதும் போனவருக்கு முதலில் இதைத்தான் யோசிக்க வேண்டும் என்று 2002-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். சாதா செட் செய்து பழகிய கைக்கு இந்த வேலை வந்தால், தவறு பெரும்பாலும் பல் அடுக்கும்போதே தொடங்கிவிடும். இடம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

மெழுகில் பல் அடுக்கி வாயில் வைத்துப் பார்க்கும் ட்ரயல் சரியாக வந்ததும் சிலிக்கான் புட்டியால் அச்சு எடுத்து வையுங்கள். அந்த மெழுகு செட்டப்பை மாடலிலிருந்து தூக்கிவிட்டு, அனலாக்மேல் (மாடலில் லொக்கேட்டருக்குப் பதிலாக நிற்கும் நகல்) ஹவுசிங்கை (செட்டுக்குள் பதியும் உலோக மூடி) மாட்டி, அச்சைத் திரும்ப உட்கார வைத்தால் மிச்சமிருக்கும் இடம் கண்ணுக்கே தெரியும். ஹவுசிங்கைச் சுற்றி 2 மி.மீ. அக்ரிலிக்காவது வேண்டும். இல்லையென்றால் செட் அந்த இடத்தில்தான் உடையும். இம்பிளான்ட்களை இணைக்கும் உலோகப் பார் வைக்கும் கேஸுக்கு இதைவிட அதிக உயரம் தேவை. இடம் போதாது என்று தெரிந்தால் அப்போதே டாக்டருக்குப் போன் போடுங்கள். பல்லின் அடியைத் தேய்த்து எப்படியோ நுழைத்து அனுப்பும் கெட்டிக்காரத்தனம் நான்கு மாதம் கழித்து ரிப்பேராகத் திரும்பி வரும்.

புதுச்சேரியில் எடுத்த ஆல்ஜினேட் அளவு பஸ்ஸில் கடலூர் வந்து சேர்வதற்குள் சுருங்கிவிடும். சிலிக்கான் அளவு கேளுங்கள். அளவில் அனலாக்கை மாட்டியதும் விரலால் அசைத்துப் பாருங்கள், ஆடினால் ஸ்டோன் (மாடல் வார்க்கும் ஜிப்சம்) ஊற்ற வேண்டாம். ஸ்டோனும் நம் கடற்கரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூட்டையைத் திறந்து போடாமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

பேக்கிங்குக்கு (அச்சில் அக்ரிலிக் நிரப்புவது) முன், ஹவுசிங்குக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைக்கும் வெள்ளை பிளாக் அவுட் வளையத்தை மறப்பவர்கள் உண்டு. ஹவுசிங்குக்கு அடியில் அக்ரிலிக் ஓடிப் பூட்டிக்கொண்டால் செட்டை மாடலோடு உடைத்துத்தான் எடுக்க வேண்டும். கியூரிங் (அக்ரிலிக் இறுகுவது) முடிந்து பாலிஷ் ஆகும்வரை ஹவுசிங்குக்கு உள்ளே இருக்க வேண்டியது வேலைக்கான கறுப்பு இன்சர்ட். லொக்கேட்டரைக் கவ்வும் நிரந்தர நைலான் இன்சர்ட்டை முதலிலேயே போட்டுவிட்டால் பாலிஷ் தூளும் வீலும் அதன் விளிம்பைத் தின்றுவிடும்.

என்னைக் கேட்டால், இரண்டு இம்பிளான்ட் கேஸில் ஹவுசிங்குக்குக் குழி மட்டும் விட்டு அனுப்பி, வாயில் வைத்தே ஹவுசிங்கைச் செட்டோடு ஒட்டிக்கொள்ளும்படி டாக்டரிடம் சொல்வது நல்லது. அக்ரிலிக் கியூர் ஆகும்போது சுருங்குவதால் வரும் நகர்வு அதில் அடிபட்டுப் போகும். சில டாக்டர்களுக்கு இது பிடிக்காது, முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செட்டோடு நீலம், இளஞ்சிவப்பு, நிறமில்லாதது என மூன்று இன்சர்ட்டும் போகட்டும். பிடிப்பு முறையே சுமார் 680, 1360, 2270 கிராம். எடுத்த எடுப்பில் நிறமில்லாததை மாட்டினால், கைவலுக் குறைந்த பாட்டியால் செட்டைக் கழற்றவே முடியாது. நீலத்தில் தொடங்கட்டும்.