கொய்யா கொத்துக் கொத்தாய்க் காய்க்கும்போது நாம் செய்யும் தவறுகள்

நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் வீடு. கொல்லையில் லக்னோ 49 என்ற ரகக் கொய்யா ஒன்று நிற்கிறது. மூன்று வருடங்களுக்கு முன்பு பங்குனியில் அது பூத்த பூவைப் பார்த்து அக்கம்பக்கமே அசந்துபோனது. கணுவுக்கு மூன்று பிஞ்சு. ஒன்றைக்கூட நாங்கள் தொடவில்லை. ஆடிக் காற்று வந்த ஒரு சாயங்காலம் தெற்குப் பக்கத்துக் கொப்பு கவட்டையோடு பிளந்து மதிலில் சாய்ந்தது. மிச்சக் கொப்புகளில் பழுத்ததெல்லாம் எலுமிச்சை அளவுதான், வாயில் வைத்தால் விதைதான் அதிகம்.

முதல் தவறு அந்தத் தொடாமைதான். "பிஞ்சைக் கிள்ளுறது பச்சப்பிள்ளையைக் கிள்ளுற மாதிரி இருக்குப்பா" என்று அப்பத்தா சொல்லும். அந்த மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் மரத்தின் கணக்கு வேறு. காய்க்கு வேண்டிய சர்க்கரையை இலைதான் ஆக்கிக் கொடுக்கிறது. பத்துப் பேருக்கு ஆக்கிய சோற்றை முப்பது பேருக்குப் பரிமாறினால் ஒருவருக்கும் வயிறு நிறையாது. இதில் விதையின் செலவையும் சேர்க்க வேண்டும். சின்னக் காயாக இருந்தாலும் அது தன் விதைகளை முற்றவைத்தே தீரும், அதற்கு மரம் நிறையச் செலவழிக்கிறது. சின்னதாய் மூன்று காயைச் சுமப்பதைவிட, பெரிதாய் ஒன்றைச் சுமப்பது மரத்துக்கு லேசு. எண்ணிக்கை பாதியானாலும் எடை அந்த அளவுக்குக் குறையாது.

அடுத்தது நேரம். பூவாக இருக்கும்போதே கிள்ளத் தொடங்கினால் அவசரம். சித்திரை வெயிலில் மரம் தானாகவே கொஞ்சம் பிஞ்சை உதிர்க்கும், அது முடியட்டும். மறுபக்கம், காய் பருத்து விதை கெட்டியான பிறகு பறித்தால் கொப்பின் பாரம் குறையுமே தவிர, மீதிக் காய்கள் பெரிதாகப் பருக்காது, செலவு ஏற்கனவே முடிந்துவிட்டது. நெல்லிக்காய் அளவு வந்ததும் குறைப்பதே சரி. கொடைக்கானலில் பிளம்ஸ் மரம் வைத்திருப்பவர்களுக்கும் இதே விதிதான், கொட்டை கெட்டியாவதற்கு முன்னால் கை வைத்துவிட வேண்டும். மதுரைப் பக்கம் கொய்யாவுக்கு ஒரு வருடத்தில் இரண்டு பட்டம் வருவதால் நமக்கு இரண்டு முறை வேலை. புரட்டாசி, ஐப்பசி மழையில் பூத்ததற்கும் அதே நெல்லிக்காய்க் கணக்குத்தான்.

சரி, எவ்வளவு எடுப்பது? இங்கேதான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். மனசைத் தேற்றிக்கொண்டு பத்துப் பிஞ்சைப் பறிப்பார்கள், அப்புறம் கை வராது. அடர்ந்து காய்த்த மரத்தில் பாதிக்கு மேலேயே போக வேண்டியிருக்கும். நான் வைத்திருக்கும் அளவு இது: ஒரு கணுவில் ஒரே காய், அதற்கும் அடுத்த காய்க்கும் ஒரு சாண் இடைவெளி, பென்சிலைவிட மெலிந்த கொப்பின் நுனியில் ஒன்றும் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் காய்களை விடவே கூடாது. அந்த இடுக்குதான் மாவுப்பூச்சிக்கும் காய் துளைக்கும் புழுவுக்கும் குடியிருப்பு.

எதை விடுவது என்பதிலும் கவனம் வேண்டும். கைக்கு எட்டியதை எல்லாம் பறித்துவிட்டு உச்சியை அப்படியே விட்டால், உச்சி பாரத்தில் ஒடியும். வடு விழுந்தது, கோணலானது, துளை உள்ளது முதலில் போகட்டும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் காயைவிட, இலை மறைவில் இருக்கும் காயைக் காப்பாற்றுங்கள். நம் ஊர் வெயிலில் தோல் வெந்து கருகிய காயை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பிடித்து இழுக்காதீர்கள். கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். இழுக்கும்போது பட்டை கிழிந்து அந்தத் தளிரும் கையோடு வந்துவிடும். சின்னக் கத்தரியால் காம்பை நறுக்குங்கள், விடப்போகும் காயை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு.

குறைத்த பிறகு தண்ணீர் விஷயம். பத்து நாள் காயப்போட்டுவிட்டு ஒரே நாளில் போர் தண்ணீரைத் தேக்கிவிட்டால், பருத்துவரும் காய் வெடிக்கும். அளவாக, ஒரே சீராக விடுங்கள். உறை போட நினைப்பவர்கள் பிஞ்சைக் குறைத்த பிறகே போட வேண்டும், ஒரு உறைக்கு ஒரு காய். பழ ஈ முட்டையிடுவதை அது நன்றாகத் தடுக்கும். செய்தித்தாள் உறை ஒரே மழையில் கரைந்துவிடும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் அதை நம்ப வேண்டாம். நறுக்கிய நல்ல பிஞ்சை மரத்தடியிலேயே மக்கவிடலாம், புழு வைத்த பழத்தை மட்டும் அப்படி விடக்கூடாது. அந்தப் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி ஈயாக வெளியே வரும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள்.

குறைத்தும் பாரமாகத் தொங்கும் கொப்புக்கு முட்டுக் கொடுக்கலாம். கவட்டையுள்ள கம்பின் மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிட்டு, அதன் மேல் கொப்பை உட்கார வையுங்கள். நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் கொப்பு பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் புதைந்துவிடும்.

போன வருடம் மதிலோரமாகப் புதுப் பதியன் கன்று (தாய் மரத்துக் கொப்பிலேயே வேர்விட வைத்துப் பிரித்தெடுத்த கன்று) ஒன்று வைத்தோம். வைத்த வருடமே பூத்தது. பதியன் கன்றுகள் இப்படி அவசரப்படும், அவற்றின் பூவை இரண்டு வருடம் வரை முழுவதுமாகக் கிள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் வேரும் தண்டும் தேறாது. இந்த முறை கத்தரியை அப்பத்தாவிடமே கொடுத்தேன். ஒவ்வொரு பூவாகப் பார்த்துப் பார்த்து அதுதான் நறுக்கியது.