ரொறன்ரோவில் ரக்கூனைக் கண்டுபிடிப்பது எப்படி? பகலில் சேற்றைப் பாருங்கள், இரவில் காத்திருங்கள்

ரக்கூனைப் பார்ப்பதற்காக இருட்டில் ரோச் லைட்டோடு தெருத்தெருவாக நடப்பது வீண்வேலை. நீங்கள் அதைக் காணுமுன் அது உங்கள் காலடியைக் கேட்டுவிடும். பகலில் தடம் தேடுங்கள். எந்த வழியாகப் போய்வருகிறது என்று உறுதிசெய்தபின், அந்த ஓரிடத்தில் மட்டும் காத்திருங்கள். இங்கே சொல்வதெல்லாம் ரொறன்ரோவுக்கு, குறிப்பாக ஸ்காபரோப் பக்கத்துக்குப் பொருந்தும்.

1. உருவம்

கண்ணைச் சுற்றிய கறுப்புப் பட்டையும் வளையம் போட்ட வாலும் எல்லாருக்கும் தெரிந்ததே. மங்கல் வெளிச்சத்தில் இரண்டும் தெரியாது. அப்போது நடையைப் பாருங்கள். பின்பக்கம் தூக்கி, முதுகு வளைந்து, தலை தாழ்ந்திருக்கும்; உள்ளங்கால் முழுவதையும் பதித்து நடக்கும். பூனையின் முதுகு நேராக இருக்கும். வெளுத்த முகமும் மயிரில்லாத வாலும் இருந்தால் அது ஒப்போசம். கறுப்பு உடம்பில் வெள்ளைக் கோடு என்றால் ஸ்கங்க், மிரண்டால் நாற்றநீரைப் பீச்சும் விலங்கு; சத்தமில்லாமல் பின்வாங்கிவிடுங்கள். பருமனை வைத்து முடிவு செய்யாதீர்கள். இலையுதிர் காலத்தில் கொழுத்துத் திரிந்த அதே ரக்கூன் மார்ச்சில் நன்றாக இளைத்திருக்கும்.

2. இடம்

தண்ணீர், பொந்துள்ள பெரிய மரம், சாப்பாடு மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹைலண்ட் கிறீக், ரூஜ் ஆறு, டொன் பள்ளத்தாக்கு எல்லாம் அப்படிப்பட்டவை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மோர்னிங்சைட் பார்க்கைத்தான் சொல்வேன். அங்கே ஓடை ஆழமில்லை, கரையில் சேறும் மணலும் உண்டு. கோடையில் மல்பெரி பழம் உதிரும் மரத்தடிகளையும், செப்டெம்பர், அக்டோபரில் சல்மன் மீன் ஓடையில் ஏறிவரும்போது கரையோரங்களையும் பாருங்கள். செத்து ஒதுங்கும் மீனுக்கு ரக்கூன் வரும்.

கண்ட விலங்கு, தாவரங்களைப் பலரும் புள்ளியாகப் பதிந்துவைக்கும் ஐநாச்சுரலிஸ்ட் செயலியில் உங்கள் பகுதியின் வரைபடத்தையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளி இல்லாத இடத்தில் ரக்கூன் இல்லை என்று நினைக்க வேண்டாம். இங்கே அது அவ்வளவு சாதாரணம் என்பதால் பலர் பதிவதே இல்லை.

3. கால்தடம்: பெரும்பாலானோர் தடுமாறும் இடம்

மழை விட்ட மறுநாள் காலை போங்கள். ஓடைக்கரையில், பாலத்துக்கு அடியில், ஈரம் காயாத சேறுதான் வேண்டும். அங்கே மழையும் தடத்தை அழிக்காது.

முதலில் விரல்களை எண்ணுங்கள். நாய், பூனை, நரி எல்லாவற்றுக்கும் நான்கு விரல்தான் பதியும். அணிலுக்கு முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து. முன்கால், பின்கால் இரண்டிலும் ஐந்து என்றால் ரக்கூனாக இருக்கலாம். இந்த இடத்தில்தான் அவசரப்படக்கூடாது, ஏனென்றால் ஒப்போசத்துக்கும் ஸ்கங்குக்கும் ஐந்தைந்துதான்.

அடுத்து விரலின் வடிவம். ரக்கூனின் முன்கால் தடம் சின்னப் பிள்ளை சேற்றில் கையை விரித்து வைத்ததுபோல இருக்கும். விரல்கள் நீண்டு, உள்ளங்கையோடு தொடர்ச்சியாகச் சேர்ந்திருக்கும். நுனியில் சிறு நகப்புள்ளி. நீளம் சுமார் 5 முதல் 8 செ.மீ. பின்கால் தடத்தில் குதிகாலும் பதிந்தால் 8 முதல் 10 செ.மீ. வரை வரும். ஒப்போசத்தின் பின்காலில் பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி, உள்பக்கமாகத் திரும்பி நிற்கும். ஸ்கங்கின் தடம் சிறியது. முன்கால் நகங்கள் விரலை விட்டுத் தள்ளி நீளமாகக் குத்தியிருக்கும்.

இன்னும் சந்தேகமா? ஒரே தடத்தை உற்றுப் பார்ப்பதை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். ரக்கூன் நடக்கும்போது ஒரு பக்கப் பின்கால், மறுபக்க முன்காலின் அருகில் விழும். ஆகவே ஒரு பெரிய தடமும் ஒரு சிறிய தடமும் சோடி சோடியாகப் போகும். அடுத்த சோடியில் பெரியதும் சிறியதும் பக்கம் மாறியிருக்கும். இது தெரிந்தால் வேறு சான்று தேவையில்லை.

படம் எடுக்கும்போது பக்கத்தில் இரண்டு டொலர் நாணயம் ஒன்றை வையுங்கள். அதன் விட்டம் 28 மி.மீ., அளவு ஒப்பிட வசதி. நேர் மேலிருந்து எடுங்கள், சரித்து எடுத்தால் நீளம் பொய் சொல்லும். உருகும் பனியில் உள்ள தடத்தை அளக்கவே வேண்டாம். விளிம்பு கரைந்து பூனைத் தடம்கூட இரண்டு மடங்காகத் தெரியும்.

4. கழிப்பிடம்

ரக்கூன்கள் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பக் கழிப்பிடமாகப் பயன்படுத்தும். பெரிய மரத்தின் அடி, விழுந்து கிடக்கும் மரத்தின் மேல், வீட்டுக் கூரை, டெக் மூலை. பழக்கொட்டையும் நண்டு ஓடும் கலந்த, நுனி மழுங்கிய எச்சம் குவியலாகக் கிடந்தால் வழி உறுதி.

கையால் தொடாதீர்கள், குச்சியால் கிளறவும் வேண்டாம். அதில் பெய்லிசஸ்காரிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டை இருக்கக்கூடும். வெளியேறி 2 முதல் 4 வாரத்தில் அது தொற்றும் நிலைக்கு வரும், பிறகு மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மனிதரின் மூளையையும் கண்ணையும் பாதிக்கும். பிளீச் அதைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும். மண்ணை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளை இந்தத் தேடலுக்குக் கூட்டிப்போகவே கூடாது.

5. காத்திருத்தல்

சூரியன் மறைவதற்குச் சற்று முன்பே போய், வழியிலிருந்து 15 மீற்றராவது தள்ளி, காற்று அந்தப் பக்கமிருந்து உங்கள் முகத்தில் அடிக்கும்படி உட்காருங்கள். சிவப்பு வெளிச்சம் உள்ள தலைவிளக்கே நல்லது. சாப்பாடு வைத்துக் கூப்பிடாதீர்கள். காட்டுவிலங்குக்கு உணவிடுவதை நகர விதி தடைசெய்கிறது. மனிதரை நெருங்கப் பழகிய ரக்கூனுக்குத்தான் கடைசியில் கேடு.

6. கமரா

சொந்த வளவு என்றால் டிரெயில் கமரா (அசைவைக் கண்டதும் தானாகப் படமெடுப்பது) போதும். தரையிலிருந்து 40 செ.மீ. உயரம், வழிக்கு 45 பாகை சரிவு. நேர் குறுக்கே பார்க்க வைத்தால் விலங்கு கடந்துபோன பிறகு வால் மட்டுமே படத்தில் வரும். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் ஆடும் புல்லே நூற்றுக்கணக்கான படமாகிவிடும். குளிரில் அல்கலைன் பற்றரி சீக்கிரம் இறங்கும், லித்தியம் வாங்குங்கள். படத்தின் கூர்மையைவிட வேகமாக இயங்கும் கமராவுக்குத்தான் காசு கொடுக்க வேண்டும்.

பின்சேர்ப்பு

பகலில் கண்டால் விசர் பிடித்தது என்று அர்த்தமா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. குட்டிகள் ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கும்; பால் கொடுக்கும் தாய் பகலிலும் இரை தேடும். தள்ளாடுவது, வட்டமிடுவது, ஆளைக் கண்டும் விலகாமல் நிற்பது, கண்ணில் சீழ் வடிவது, இவைதான் நோய்க்குறி. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயா விசர்நோயா என்று பார்வையால் பிரித்தறிய முடியாது. கிட்டப் போகாமல் நகரசபையின் சேவை எண்ணான 311க்கு அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே வைத்தியரிடம் போங்கள்.

கூரைக்குள் குட்டிச் சத்தம் கேட்டால் ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். தாய் வெளியே மாட்டிக்கொண்டால் கூரையைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வரும், வர முடியாவிட்டால் குட்டிகள் செத்துப்போகும். பிடித்துத் தூரக் காட்டில் கொண்டுபோய் விடுவதும் ஆகாது. ஒன்ராறியோ சட்டப்படி பிடித்த இடத்திலிருந்து 1 கி.மீ.க்குள்தான் விட வேண்டும். குட்டிகள் தாயின் பின்னால் நடந்து திரியும் வயதுவரை பொறுத்திருந்து, எல்லாம் வெளியேறியதைக் கமராவில் உறுதிசெய்தபின் அடையுங்கள்.