கையடக்க ரூட்டரும் தூரத்து வைஃபையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூரத்து வைஃபையை இழுத்துத் தர கையடக்க ரூட்டர் வாங்கியவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புலம்பல் இது: “போனில் சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்க மாட்டேன் என்கிறது.” உடனே ரூட்டர் சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் ரூட்டரில் ஒரு கோளாறும் இருக்காது. போனில் தெரியும் அந்தக் கோடுகள் எதைக் காட்டுகின்றன என்பதில்தான் குழப்பம்.

இந்த ஏற்பாட்டில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. தூரத்தில் இருக்கும் மூல ரூட்டருக்கும் நம் சின்ன ரூட்டருக்கும் நடுவே ஒன்று. சின்ன ரூட்டருக்கும் நம் போனுக்கும் நடுவே இன்னொன்று. போன் காட்டுவது இரண்டாவதை மட்டுமே. சின்ன ரூட்டரும் போனும் ஒரே அறையில் இருக்கும்போது அது பிரமாதமாகத்தான் இருக்கும். ஆனால் நமக்கு எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதை முடிவு செய்வது முதல் இணைப்பு. தூரத்தில் ஒருவர் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது என்றால், அதை இன்னொருவர் எவ்வளவு உரக்கத் திருப்பிச் சொன்னாலும் விட்டுப்போன சொற்கள் வந்து சேராது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை முதல் இணைப்பை மறந்துவிட்டு இரண்டாவதைக் கவனிப்பதால் வருபவைதான்.

வைக்கும் இடம்

ரூட்டரை மேசைமேல், லேப்டாப்புக்குப் பக்கத்தில் வைப்பது முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். அந்த மேசையில் லேப்டாப்புக்கே சிக்னல் எட்டவில்லை, அதனால்தானே ரூட்டர் வாங்கினோம்? அதே இடத்தில் ரூட்டரை வைத்தால் அதற்கும் எட்டாது. உள்ளங்கையளவு ரூட்டருக்குள் இருக்கும் ஆன்டெனா, லேப்டாப்பில் இருப்பதைவிடப் பெரிதாக ஒன்றும் ஒசத்தி இல்லை. தூரத்துச் சிக்னல் இன்னும் நன்றாகக் கிடைக்கிற இடம் எதுவோ, அங்கேதான் ரூட்டர் இருக்க வேண்டும். பல நேரங்களில் அது மூல ரூட்டர் இருக்கும் திசையைப் பார்த்த ஜன்னலோரம், முடிந்தவரை உயரத்தில்.

ஜன்னலிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வெப்பத்தைத் தடுப்பதற்காக மெல்லிய உலோகப் பூச்சு கொடுத்த கண்ணாடிகள் ரேடியோ அலைகளையும் கணிசமாகத் தடுத்துவிடும். அப்படிப்பட்ட ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தாலே எண்கள் மாறுவதைப் பார்க்கலாம். இரும்புக் கம்பிவலை, ஃபிரிட்ஜ், பெரிய முகம் பார்க்கும் கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி இவையெல்லாம் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது பார்வைக்கு அழகு, சிக்னலுக்குக் கேடு.

இன்னொன்றைப் பலர் நம்ப மறுப்பார்கள். ஒரு சாண் நகர்த்தினாலே பெரிய மாற்றம் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகள் நேராக வரும் அலையோடு சேரும்போது ஓரிடத்தில் வலுப்பெறும், பக்கத்திலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால் ஒரே ஜன்னல் விளிம்பில் இடது மூலையில் கிடைக்காத சிக்னல் வலது மூலையில் கிடைக்கலாம். பொறுமையாக நகர்த்தி, நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய முன்னேற்றம் இதுதான்.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

நகர்த்திப் பார்க்கும்போது எதை வைத்து ஒப்பிடுவது? எத்தனை கோடு என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு போனில் மூன்று கோடு காட்டும் சிக்னலுக்கு இன்னொரு போன் நான்கு காட்டும். பெரும்பாலான கையடக்க ரூட்டர்களின் அட்மின் பக்கத்தில் (ரூட்டரின் செட்டிங்ஸை மாற்றும் பக்கம்), மூல வைஃபையின் சிக்னல் மைனஸ் போட்ட ஓர் எண்ணாக வரும். அதன் அலகு டிபிஎம். மைனஸ் 50-ஐ ஒட்டி இருந்தால் அருமை. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்புக்குத் தாங்கும். மைனஸ் 70-ஐத் தாண்டினால் திணறல் தொடங்கும். மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைந்ததாகக் காட்டும், வேலை நடக்காது.

இந்த எண் சாதாரணக் கூட்டல் கழித்தல் கணக்கில் வராது. 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. அப்படியென்றால் மைனஸ் 60-க்கும் மைனஸ் 80-க்கும் வித்தியாசம் நூறு மடங்கு. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டிப்பானால் இந்த எண்ணில் 6, அதாவது 6 டெசிபெல், போய்விடும். சுவர் குறுக்கிட்டால் இதற்கு மேலும் போகும். சிக்னலோடு இரைச்சலையும், அதாவது சுற்றிலும் இருந்து வந்து குறுக்கிடும் மற்ற அலைகளையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் பத்து வைஃபை ஓடும் கட்டடத்தில் மைனஸ் 70 தருகிற வேகமும், ஆளரவமற்ற இடத்தில் அதே மைனஸ் 70 தருகிற வேகமும் ஒன்றாக இருக்காது.

ஒரே ரேடியோவுக்கு இரட்டை வேலை

மலிவான ரூட்டர்கள் சிலவற்றில் ஒரு ரேடியோதான் இருக்கும். அது மூல ரூட்டரிடமிருந்து ஒரு தகவலை வாங்கிய பிறகு, அதே சேனலில் உங்கள் போனுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வாங்கும்போது கொடுக்க முடியாது, கொடுக்கும்போது வாங்க முடியாது. ஆகவே வேகம் பாதியாகக் குறைவது இயல்பு. அதைக் கோளாறு என்று நினைத்துத் திரும்பத் திரும்ப ரீசெட் செய்வதில் பயனில்லை.

இரண்டு அலைவரிசை உள்ள ரூட்டர் என்றால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். தூரத்திலிருந்து வருவதை 2.4-இல் வாங்கி, அறைக்குள் 5 கிகாஹெர்ட்ஸில் கொடுப்பது பொதுவாக நல்ல ஏற்பாடு. ஏனென்றால் 2.4 சுவரைத் தாண்டி அதிக தூரம் வரும். 5 வேகமானது, ஆனால் சீக்கிரம் சோர்ந்துவிடும். மூல ரூட்டர் நேர்பார்வையில், நடுவே ஒன்றும் இல்லாமல் இருந்தால் தலைகீழாகவும் முயன்று பார்க்கலாம். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 1200 என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். அது 2.4-இன் 300-ஐயும் 5-இன் 867-ஐயும் கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்கிய எண். அந்த வேகம் ஒரே இணைப்பில் ஒருபோதும் கிடைக்காது.

எல்லாவற்றையும்விட நல்ல வழியைப் பலர் யோசிப்பதே இல்லை: கேபிள். ரூட்டரை ஜன்னலிலேயே விட்டுவிட்டு, அதன் லேன் துளையிலிருந்து ஒரு நீளமான ஈதர்நெட் கேபிளை லேப்டாப்புக்கு இழுத்துவிடுங்கள். ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர் வரை அனுமதி உண்டு, எந்த அறைக்கும் அது தாராளம். ரேடியோ முழுவதும் தூரத்துச் சிக்னலை வாங்குவதில் மட்டும் கவனம் செலுத்தும். வேகப் பாதிப்பும் இல்லை, இரைச்சலும் இல்லை. மேசையில் ஓரிடத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆன்டெனாவும் சக்தியும்

குச்சி ஆன்டெனாவின் நுனியை மூல ரூட்டரை நோக்கி நீட்டுவது பரவலான பழக்கம். அது தப்பு. அலை போவதும் வருவதும் குச்சியின் பக்கவாட்டில்தான். நுனியின் திசையில் மிகக் குறைவு. நேராக நிமிர்த்தி வையுங்கள். மூல ரூட்டர் வேறு மாடியில் இருந்தால் மட்டும் சாய்த்துப் பார்க்கலாம்.

அனுப்பும் சக்தியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் அப்படித்தான். வைஃபை இருவழிப் பேச்சு. நம் ரூட்டர் எவ்வளவு சத்தமாகக் கத்தினாலும், தூரத்து ரூட்டர் பேசுவது நமக்குக் கூடுதலாகக் கேட்கப்போவதில்லை. அதற்காக ரூட்டர் செட்டிங்ஸில் எந்த நாடு என்று சொல்லும் நாட்டுக் குறியீட்டை மாற்றி வரம்பைத் தாண்டுபவர்கள் சட்டத்தையும் மீறுகிறார்கள். பல நாடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு வரம்பு உண்டு. ஐரோப்பாவில் அது ஆன்டெனாவையும் கணக்கில் சேர்த்து 100 மில்லிவாட். ஒரு திசையை மட்டும் நோக்கும் பேனல் ஆன்டெனா அல்லது யாகி ஆன்டெனா அனுப்புவதற்கும் வாங்குவதற்கும் சேர்த்து உதவும். ஆனால் அப்படிப்பட்ட ஆன்டெனாவை மாட்டிவிட்டு மெல்லிய கோஆக்ஸ் கேபிளில் (ஆன்டெனாவை ரூட்டரோடு இணைக்கும் கேபிள்) அறைக்குள் கொண்டுவந்தால் கூடியது அத்தனையும் வழியிலேயே தொலையும். ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்குச் சுமார் 2 டெசிபெல்லை விழுங்கும். ஐந்து மீட்டர் இழுத்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கோஆக்ஸைக் குட்டையாக வைத்து, ரூட்டரை ஆன்டெனாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மீதித் தூரத்துக்கு ஈதர்நெட்டைப் பயன்படுத்துங்கள். ஆன்டெனா வாங்கும்போது எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்ற இரண்டு வகை இணைப்பான்களையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளியே ஒன்றுபோலவே இருக்கும், நடுவில் உள்ள ஊசி மாறியிருக்கும்.

செட்டிங்ஸில் நடக்கும் தவறுகள்

மோடு தேர்வு முதலில். ஆக்சஸ் பாயின்ட் மோடு கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாக்கித் தருவது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, தூரத்து வைஃபையின் பெயர் ஏன் வரவில்லை என்று தேடுவதில் அர்த்தமில்லை. நமக்கு வேண்டியது ரிப்பீட்டர் அல்லது டபிள்யூஐஎஸ்பி. ரிப்பீட்டரில் உங்கள் கருவிகள் பொதுவாக மூல நெட்வொர்க்கின் பகுதியாகவே சேர்ந்துகொள்ளும். டபிள்யூஐஎஸ்பியில் ரூட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உண்டாக்கி, வெளியே ஒரே கருவியாகத் தோன்றும். விடுதி, விமான நிலையம் போன்ற இடங்களுக்கு இரண்டாவதே பொருத்தம். சில ரூட்டர்கள் டபிள்யூஐஎஸ்பியையே ரிப்பீட்டர் என்று எழுதிவைக்கும், அதனால் கையேட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டபிள்யூஐஎஸ்பியில் அடிக்கடி மாட்டுவது முகவரி மோதல். மூல ரூட்டரின் முகவரி 192.168.0.1, நம்முடையதும் 192.168.0.1 என்றால் எந்தப் பக்கம் அனுப்புவது என்று ரூட்டருக்கே தெரியாது. இணைந்ததாகக் காட்டும், ஒன்றும் திறக்காது. நம் ரூட்டரின் முகவரியை 192.168.77.1 என்பது மாதிரி யாரும் அதிகம் வைக்காத ஒன்றாக மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

உள்நுழைவுப் பக்கம் கேட்கும் வைஃபையில், அந்தப் பக்கம் வரும்வரை விபிஎன் (தகவலைப் பூட்டி அனுப்பும் வசதி), தனி டிஎன்எஸ் (தளங்களின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) இரண்டையும் அணைத்து வையுங்கள். இவை இருந்தால் அந்தப் பக்கம் தோன்றாமலே போகலாம். உள்ளே போன அப்புறம் மறக்காமல் திரும்ப இயக்குங்கள்.

சேனல் அகலம் 40 கிடைக்கிறதே என்று தேர்ந்தெடுக்காதீர்கள். தூரத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸ்தான் நல்லது. அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதியாகும். உங்கள் வைஃபைக்கு மூல வைஃபையின் பெயரையே வைக்கவும் வேண்டாம். போன் எதில் இணைந்திருக்கிறது என்று தெரியாமல் நீங்களே குழம்புவீர்கள். சில போன்கள் பலவீனமானதையே விடாமல் பிடித்துக்கொள்ளும்.

மின்சாரம்

பெரும்பாலான கையடக்க ரூட்டர்கள் யூஎஸ்பியில் ஓடும். டிவியின் பின்பக்கத்திலோ பழைய லேப்டாப்பிலோ செருகினால் கிடைப்பது 500 மில்லிஆம்பியர் மட்டுமாக இருக்கலாம், ரூட்டர் கேட்பது 1 அல்லது 2 ஆம்பியர். சும்மா இருக்கும்போது ஓடும், ரேடியோ கடுமையாக வேலை செய்யும் நேரத்தில் அணைந்து எழும். அடிக்கடி இணைப்பு அறுந்தால் முதலில் சார்ஜரை மாற்றுங்கள். யூஎஸ்பி 3.0 கருவிகளுக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். அவற்றின் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஜன்னலில் நேர் வெயில் படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டு எந்தப் பக்கம்?

உரிமையாளரிடம் கேட்காமல் எந்த வைஃபையையும் நீட்டிக்கக் கூடாது. அனுமதி கிடைத்த பிறகும் ஒரு விஷயம் முக்கியம். நம் ரூட்டருக்கு டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 பாஸ்வேர்டு போட்டால் பூட்டப்படுவது இரண்டாம் இணைப்பு மட்டும்தான். தூரத்து வைஃபை பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபை என்றால், முதல் இணைப்பு திறந்தேதான் கிடக்கிறது. நம் பக்கம் பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் ரூட்டரிலேயே விபிஎன் போட்டுக்கொள்வது நல்லது. பெட்டியிலிருந்து எடுத்த உடனே அட்மின் பாஸ்வேர்டை மாற்றுவதையும் தள்ளிப்போடாதீர்கள்.

எங்கே அடைப்பு என்று பார்ப்பது

இவ்வளவும் செய்தும் மெதுவாக இருந்தால் வேகச் சோதனைத் தளத்தை மட்டும் பார்த்து ஒரு முடிவுக்கு வராதீர்கள். ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று காட்டும் பிங் கட்டளையை மூன்று இடங்களுக்கு வரிசையாக ஓடவிடுங்கள்: நம் ரூட்டர், மூல ரூட்டர், பிறகு 8.8.8.8 போன்ற வெளி முகவரி. முதலாவதிலேயே தடுமாறினால் அறைக்குள் சிக்கல். இரண்டாவதில் தகவல் பொட்டலங்கள் தொலைந்தால் (பதில் வராமல் போனால்) தூரத்து இணைப்பு பலவீனம். மறுபடி இடத்தை மாற்றிப் பார்க்க வேண்டியதுதான். இரண்டும் சரி, மூன்றாவதில் மட்டும் தாமதம் என்றால் அங்கே வரும் இணையமே மெதுவாக இருக்கிறது, நம் ரூட்டரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

எல்லா மூலையிலும் வைத்துப் பார்த்தும் எண் மைனஸ் 80-ஐ விட்டு மேலே வரவில்லை என்றால், இன்னொரு கையடக்க ரூட்டர் வாங்கிப் பணத்தை விரயமாக்காதீர்கள். மூல ரூட்டரை ஒரு சுவர் இந்தப் பக்கம் நகர்த்த முடியுமா, அங்கிருந்து ஒரு கேபிள் இழுக்க முடியுமா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் மொபைல் டேட்டாவுக்கு மாறிவிடலாம்.