பஞ்சரான பைக் டயரை ஒட்டுவதா, மாற்றுவதா? அவசரத்தில் செய்யும் தவறுகள்

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பைக்கின் பின்பக்கம் ஒருபுறமாக இழுக்கிறது. இறங்கிப் பார்த்தால் டயர் சப்பையாக உட்கார்ந்திருக்கிறது. தரையைத் தொடும் ரப்பர் பட்டன்களுக்கு நடுவே, தேய்ந்து பளபளக்கும் ஓர் ஆணித்தலை. அந்த நேரத்தில் மனதில் ஓடுவது ஒன்றே ஒன்றுதான்: எப்படியாவது ஒட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். டயர் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்தில் செய்பவை. பைக்குக்கு இருப்பது இரண்டே சக்கரம். ஒன்று திடீரென்று காற்றை விட்டால் தாங்கிப்பிடிக்க வேறு சக்கரம் கிடையாது. அதனால் ஒரு பத்து நிமிடம் நின்று யோசிப்பது நல்லது.

முதல் தவறு, ஆணியைக் கண்டதும் பிடுங்கிவிடுவது. உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயரில் குத்திய ஆணி பல நேரம் தன் துளையைத் தானே அடைத்துக்கொண்டிருக்கும். காற்று மெதுவாகத்தான் இறங்கும். கையில் ஒட்டும் சாமானும் பம்ப்பும் இல்லாமல் அதைப் பிடுங்கினால் நின்ற இடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். காற்று நிரப்பிக்கொண்டு, மெதுவாக, அருகில் உள்ள பஞ்சர் கடை வரை போக முடியுமா என்று முதலில் பாருங்கள். எல்லா ஆணியும் உள்ளே வரை போயிருக்கும் என்றும் இல்லை. குட்டையான ஸ்க்ரூ பட்டனின் தடிமனிலேயே நின்றுவிடும். ஆணியைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குமிழி வரவில்லை என்றால் வால்வின் வாயிலும், டயர் ரிம்மோடு சேரும் ஓரத்திலும் ஊற்றிப் பாருங்கள். பஞ்சர் என்று நினைத்தது வெறும் வால்வுக் கோளாறாகவும் இருக்கலாம்.

அடுத்தது, துளை எவ்வளவு பெரியது என்று மட்டும் பார்த்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் விடுவது. அளவுக்கு ஒரு வரம்பு உண்டுதான். டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்லும் எல்லை சுமார் 6 மில்லிமீட்டர். பென்சில் நுழையும் அளவுக்குத் துளை விழுந்திருந்தாலோ, கண்ணாடித் துண்டு கீறிப் பிளந்திருந்தாலோ ஒட்டும் பேச்சே வேண்டாம். ஆனால் குண்டூசி அளவுத் துளையாக இருந்தாலும், அது சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், இருந்தால் டயரை மாற்றித்தான் ஆக வேண்டும். தரையைத் தொடும் நடுப்பகுதியில் ரப்பர் தடிமனாக இருக்கும், அதிகம் மடங்காது. சைடுவால் அப்படியில்லை. சக்கரம் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அது மடங்கி நிமிர்கிறது. அங்கே ஒட்டும் எந்த ஒட்டும் அந்த அசைவைத் தாங்காது. பட்டன் முடிந்து சைடுவால் தொடங்கும் தோள்பகுதியும் இதே கணக்குதான். வளைவில் பைக் சாயும்போது முழு எடையும் அந்தத் தோளில்தான் நிற்கிறது.

## காற்றில்லாமல் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?

பஞ்சர் ஒட்டுபவரிடம் நாம் சொல்லாமல் விடும் விஷயம் இது. அவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் ஒட்டுவதா மாற்றுவதா என்பதை முடிவு செய்வது பல நேரம் இந்த ஒரு கேள்விதான்.

ஒருமுறை என் பின் டயர் இறங்கியபோது, கடை பக்கத்தில்தானே என்று உட்கார்ந்தபடியே மெதுவாக ஓட்டிப் போனேன். துளை ஆணி போன வழி மட்டும்தான், நட்ட நடுவில், ஒட்டுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதுசு போல இருந்தது. மெக்கானிக் டயரை ரிம்மிலிருந்து கழற்றி, விளிம்பை விரித்து உள்ளே கையை விட்டார். விரல் நுனியெல்லாம் கரி. டயரைக் கவிழ்த்துத் தட்டியதும் அரைத்த மிளகு போலக் கருப்புத் தூள் கொட்டியது. சைடுவாலின் உள்பக்கத்தில் வட்டமாக ஒரு கோடு, மடித்து மடித்துத் தேய்த்த துணியின் மடிப்பு போல. அந்தத் தூள் வெளியிலிருந்து வந்த மண் இல்லை, டயரின் உள் ரப்பர். காற்று இல்லாதபோது சைடுவால் இரண்டாக மடங்கி, ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே அரைபட்டு, சூடேறி உதிர்ந்திருக்கிறது. ரப்பருக்குள் இருந்து டயருக்குப் பலம் தரும் நூல்களும் அதில் வலுவிழந்திருக்கும். துளையை எவ்வளவு அழகாக அடைத்தாலும் அந்தச் சைடுவால் பழைய பலத்துக்குத் திரும்பாது. டயரை மாற்றினேன்.

வெளியிலிருந்தே துளைக்குள் ரப்பர் திரி சொருகி அனுப்பியிருந்தால் இது எதுவும் தெரிந்திருக்காது. அதனால்தான் டயரைக் கழற்றி உள்பக்கம் பார்க்காமல் ‘ஒட்டிடலாம்’ என்று சொல்வதை நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. டயர் இறங்கிவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். தள்ள முடியாத தூரம் என்றால் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். ஓட்டித்தான் வந்தீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள்.

## திரியோடு விட்டுவிடுவது

ட்யூப்லெஸ் டயரில் பசை தடவிய ரப்பர் திரியை வெளியிலிருந்து சொருகுவது அருமையான வசதி. ஐந்து நிமிட வேலை, சக்கரத்தைக் கழற்ற வேண்டாம். வழியில் மாட்டிக்கொண்டவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கான ஏற்பாடு. அதையே டயரின் ஆயுள் முழுக்க நம்புவதுதான் தவறு.

டயரின் உள்பக்கத்தில் காற்றைப் பிடித்துவைக்கும் மெல்லிய ரப்பர் படலம் ஒன்று இருக்கிறது. ஆணி அதையும் துளைத்திருக்கிறது, அதற்கு மேலே உள்ள நூல் அடுக்குகளையும் துளைத்திருக்கிறது. திரி துளையின் வழியை நிரப்பும், உள் படலத்தைச் சரியாக மூடாது. உள்ளே வெறும் பேட்ச் மட்டும் ஒட்டினால் படலம் மூடும், ஆனால் துளை வெளிப்பக்கம் திறந்தே இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கி நூல் அடுக்குகளுக்குள் பரவும். ஸ்டீல் கம்பி உள்ள ரேடியல் டயர் என்றால் அது துருப்பிடிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வது காளான் வடிவப் பேட்ச். தண்டு துளையை நிரப்பும், குடை உள்பக்கத்தை மூடும். டயரைக் கழற்றி, உள்ளே தேய்த்துச் சுத்தம் செய்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். நேரம் எடுக்கும் வேலைதான். இந்த டயரை இனியும் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டால் அதைச் செய்துவிடுங்கள்.

திரி சொருகும் விதத்திலும் கவனம் வேண்டும். முதலில் அரம் போன்ற முறுக்குக் கம்பியை உள்ளே விட்டுத் துளையைச் சுரண்டுவார்கள். ஆணி சாய்வாகப் போயிருக்கும்போது கம்பியை நேராகக் குத்தினால் பக்கத்தில் புதிதாக ஒரு வழி உண்டாகும், நூல்களும் அறுபடும். ஆணியை எடுக்கும்போதே அது எந்தச் சாய்வில் வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முறையாக ஒட்டிய பிறகும் டயர் முன்பு தாங்கிய வேகத்தை அப்படியே தாங்கும் என்று எண்ண வேண்டாம். முதல் 24 மணி நேரம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டாமலும், அதன் பிறகு எப்போதும் 130-ஐத் தாண்டாமலும் ஓட்டச் சொல்லும் கம்பெனியும் உண்டு. முன் டயர் என்றால் நான் இன்னும் கறாராக இருப்பேன். பின் சக்கரத்தில் காற்று இறங்கினால் வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளித்து நிறுத்திவிடலாம். முன் சக்கரத்தில் இறங்கினால் ஹேண்டிலே கைக்கு அடங்காது. (பஞ்சர் பெரும்பாலும் பின் டயருக்கே வருவது நம் அதிர்ஷ்டம். ரோட்டில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் தட்டி நிமிர்த்த, பின் சக்கரம் அதன் மேல் ஏறுகிறது.)

‘ட்யூப்லெஸ் டயர் அடிக்கடி பஞ்சராகிறதா, உள்ளே ஒரு ட்யூப் போட்டுவிடலாம்’ என்ற யோசனையும் அடிக்கடி காதில் விழும். கெட்டுப்போன டயருக்கு அது மருந்து அல்ல. டயரின் காயம் அப்படியே இருக்கும், ட்யூப் அதை மறைத்துவைக்கும், அவ்வளவுதான். மெதுவாக இறங்கும் ட்யூப்லெஸ்ஸின் நல்ல குணமும் போய்விடும், ஏனென்றால் ட்யூப் கிழிந்தால் காற்று மொத்தமும் ஒரேயடியாக வெளியேறும். பஞ்சர் தடுக்கும் திரவமும் இப்படித்தான். அவசரத்துக்குச் சரி. ஆனால் திரவம் துளையை மறைத்துவிடுவதால் குத்தியது எது, எங்கே என்று தெரியாமலேயே மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்போம். திரவம் ஊற்றியிருந்தால் ஒட்டுபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தப் பிசுபிசுப்பைத் துடைத்தெடுக்காமல் எந்தப் பேட்ச்சும் பிடிக்காது.

## ட்யூப் உள்ள டயர் என்றால்

இதில் ஒட்டுவது ட்யூபைத்தான். ஆனால் ட்யூபை ஒட்டிவிட்டு டயரைப் பார்க்காமல் மூடுவதால்தான் அடுத்த நாளே மறுபடியும் பஞ்சர் ஆகிறது. குத்திய முள்ளோ கம்பியோ டயரிலேயே நுனியை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு துணியை எடுத்து டயரின் உள்சுற்று முழுவதும் மெதுவாகத் தடவிப் பாருங்கள், எதிலாவது சிக்கும். வெறும் விரலால் தடவ வேண்டாம். துளை ட்யூபின் ரிம் பக்கத்தில் இருந்தால் குற்றவாளி ரோட்டில் இல்லை. ஸ்போக் முனைகளை மூடியிருக்கும் ரிம் டேப் நகர்ந்து, ஒரு முனை குத்தியிருக்கும். பாம்பு கடித்தது போல அருகருகே இரண்டு துளை இருந்தால், காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருக்கிறீர்கள். வால்வு ரிம்மில் நேராக நிற்காமல் சாய்ந்திருந்தாலும் காற்றுக் குறைவால் ட்யூப் நகர்ந்திருக்கிறது என்று பொருள். வால்வின் அடியில் கிழிந்த ட்யூபை ஒட்டவே முடியாது, தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பஞ்சர் சின்னதுதான், ஆனால் டயருக்கே வயதாகிவிட்டது என்ற நிலையும் உண்டு. பட்டன் பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் அந்த டயருக்கு ஒட்டுச் செலவு வீண். சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. 5 ஆண்டு ஆனபிறகு வருடத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், 10 ஆண்டு ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று சில கம்பெனிகள் சொல்கின்றன. வெடிப்பு விட்டிருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். முன்பு ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே புதுத் துளை விழுந்து, இரண்டு பேட்ச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நிலை வந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மாற்றுவது என்றாகிவிட்டால் அளவோடு சேர்த்து, டயர் எவ்வளவு எடையையும் வேகத்தையும் தாங்கும் என்று காட்டும் எடைக் குறியீட்டையும் வேகக் குறியீட்டையும் பாருங்கள். வண்டிக்குச் சொன்னதைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. சுற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியான பக்கம் இருக்கிறதா என்று, கடையை விட்டுக் கிளம்பும் முன் நீங்களே குனிந்து பாருங்கள். ட்யூப்லெஸ்ஸுக்கு வால்வையும் ட்யூப் டயருக்கு ட்யூபையும் புதிதாகவே போடச் சொல்லுங்கள். புது டயரின் மேல்தோல் வழுக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரை வளைவில் அதிகம் சாய்க்காமல், பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல் ஓட்டுங்கள், ஈர ரோட்டில் இன்னும் நிதானமாக.

ஒட்டினாலும் சரி, மாற்றினாலும் சரி, மறுநாள் காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடேறாத நிலையில் ஒருமுறை காற்றை அளந்து பாருங்கள். முந்தின நாள் அளவிலிருந்து இறங்கியிருந்தால், காற்றை நிரப்பிக்கொண்டு நேரே அதே கடைக்குத் திரும்புங்கள்.