ஜி.ஆர்.இ. பரீட்சை: திருகோணமலையிலிருந்து தயாராவதும், 'செகண்ட் ஷை' போவதா என்று முடிவெடுப்பதும்

ஏஎல் (உயர்தரப் பரீட்சை) எழுதிய எவருக்கும் 'செகண்ட் ஷை', அதாவது இரண்டாம் தரம் எழுதுவது, என்ற சொல்லின் பாரம் தெரியும். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் கம்பஸ் போய்விடுவார்கள். கோயிலுக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் "இந்த முறை எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்பார்கள். அந்தப் பாரத்தையே சுமந்துகொண்டு நம் ஊர்ப் பிள்ளைகள், வெளிநாட்டில் பட்டப்பின்படிப்புக்கு விண்ணப்பிக்க எழுதும் ஜி.ஆர்.இ. பரீட்சைக்கும் போகிறார்கள். புள்ளி குறைந்தால் சிலர் வெளிநாட்டுப் பட்டப்பின்படிப்பு என்ற எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். சிலர் அன்றிரவே இரண்டாம் தரத்துக்குக் காசு கட்டிவிடுகிறார்கள். நான் இரண்டாவது வகை. அந்தக் காசும் பதற்றமும் உங்களுக்கு மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜி.ஆர்.இ.யை 21 நாள் இடைவெளி விட்டுத் திரும்ப எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து தரம் வரை. புள்ளிகள் ஐந்து வருடம் செல்லும். எந்தத் தரத்தின் புள்ளியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்பதையும் நீங்களே தீர்மானிக்கலாம். ஆகவே திரும்ப எழுதுவதா இல்லையா என்பது ஒரு கணக்கு. அந்தக் கணக்குக்கு வேண்டிய எண்களைத் தயாராகும் காலத்திலேயே எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். பரீட்சை முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது.

படி 1: உங்களுக்கு இது தேவையா?

2020க்குப் பிறகு அமெரிக்காவில் நிறையத் துறைகள் ஜி.ஆர்.இ.யைக் கட்டாயத்திலிருந்து எடுத்துவிட்டன. ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்று எழுதியிருக்கும். எனவே பல்கலைக்கழகத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் துறையின் அனுமதிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'கட்டாயம்', 'விரும்பினால்', 'ஏற்பதில்லை' என்று மூன்று நிரல் போட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். முன்னைய வருட மாணவர்களின் சராசரிப் புள்ளியைத் துறை வெளியிட்டிருந்தால் அதையும் பக்கத்தில் குறியுங்கள். பிரித்தானியா, அவுஸ்திரேலியா பக்கம் போகிறவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பரீட்சையே வேண்டாம். ஆங்கில அறிவைச் சோதிக்கும் ஐஈஎல்டிஎஸ் அல்லது டோஃபல் வேறு விஷயம், அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

படி 2: நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

அமெரிக்க ஆய்வுப் பட்டங்களுக்கு டிசம்பர் 1, டிசம்பர் 15 போன்ற நாட்கள்தான் வழமையான கடைசித் திகதி. பரீட்சை முடிந்து உத்தியோகபூர்வப் புள்ளி வர 8 முதல் 10 நாள். அப்படியானால் நவம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு எழுதும் எந்தத் தரமும் ஆபத்து. இரண்டாம் தரத்துக்கு ஐந்து ஆறு கிழமை ஒதுக்கினால், முதல் தரம் செப்டெம்பர் முடிவுக்குள் நடந்திருக்க வேண்டும். அதற்கு முன் பத்துப் பன்னிரண்டு கிழமைப் படிப்பு. ஜூலை முதல் கிழமையில் கொப்பி திறக்காவிட்டால் திரும்ப எழுதும் வாய்ப்பைத் தொடக்கத்திலேயே கைவிட்டதாக ஆகும்.

படி 3: பரீட்சையின் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

2023 செப்டெம்பரில் ஜி.ஆர்.இ. சுருக்கப்பட்டது. பழைய புத்தகங்களில் இருக்கும் நாலு மணித்தியாலக் கதையை மறந்துவிடுங்கள். இப்போது மொத்தம் 1 மணி 58 நிமிடம். முதலில் ஒரு கட்டுரை, 30 நிமிடம். பிறகு மொழிப் பகுதி இரண்டு: 18 நிமிடத்தில் 12 கேள்வி, 23 நிமிடத்தில் 15 கேள்வி. கணிதப் பகுதி இரண்டு: 21 நிமிடத்தில் 12 கேள்வி, 26 நிமிடத்தில் 15 கேள்வி. மொழிக்கும் கணிதத்துக்கும் தனித்தனியே 130 முதல் 170 வரை புள்ளி. கட்டுரைக்கு 0 முதல் 6, அரைப் புள்ளி அரைப் புள்ளியாக.

முதற் பகுதியை நீங்கள் செய்யும் விதத்தைப் பார்த்து, இரண்டாம் பகுதியின் கடினத்தைக் கொம்பியூட்டர் தீர்மானிக்கும். ஆகவே முதற் பகுதிதான் கவனமாகக் கட்ட வேண்டிய அத்திவாரம். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை, எனவே ஒரு கேள்வியையும் வெறுமையாக விடக் கூடாது. ஒரே பகுதிக்குள் கேள்வியைக் குறி போட்டு விட்டுவிட்டுத் திரும்பி வரலாம். கணக்குக்குத் திரையிலேயே ஒரு கல்குலேட்டர் இருக்கும்.

படி 4: படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு முழுப் பரீட்சை

பரீட்சையை நடத்தும் ஈ.டி.எஸ். நிறுவனமே பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறது. ஒன்றை இப்போதே செய்யுங்கள். ஒன்றும் படிக்காமல் என்ன செய்வது என்று தோன்றும். பரவாயில்லை, உங்கள் தொடக்கப் புள்ளி தெரிய வேண்டும். மற்றதை உண்மைப் பரீட்சைக்குப் பத்து நாள் முன்புவரை தொடாமல் வையுங்கள். இடையில் இன்னொன்று வேண்டுமென்றால் காசு கட்டி வாங்கும் பவர்பிரெப் பிளஸ் இருக்கிறது.

போனை வேறு அறையில் வைத்து, நேரத்தை நிறுத்தாமல், ஒரே இருப்பில் செய்த பரீட்சையின் புள்ளியை மட்டும் கொப்பியில் எழுதுங்கள். இடையில் எழும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து எடுத்த 165, உங்கள் புள்ளி இல்லை. இரண்டாம் தரத்தை முடிவெடுக்கும் நாளில் இந்த எண்தான் சாட்சி சொல்லப் போகிறது.

படி 5: கணிதம். தமிழ் மூலம் படித்தவர்களுக்கு

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் புள்ளி இழப்பது இங்கேதான். கணக்கு நமக்குத் தெரியும். ஓஎல் (சாதாரண தர) கணிதத்தை ஒழுங்காகச் செய்தவருக்கு ஜி.ஆர்.இ. கணிதத்தில் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. தடுமாற வைப்பது ஆங்கிலச் சொல்.

ஒரு சின்னக் கொப்பி எடுத்து இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த சொல் என்று எழுதுங்கள். மீன் என்றால் இடை, மீடியன் இடையம், மோட் ஆகாரம், ஸ்டான்டர்ட் டிவியேஷன் நியம விலகல், ரேடியஸ் ஆரை, பெர்மியூட்டேஷன் வரிசைமாற்றம், கொம்பினேஷன் சேர்மானம். நூறு சொல் தாண்டாது, ஒரு கிழமையில் முடிந்துவிடும். அதன்பின் பொறிச் சொற்களுக்கு வாருங்கள். 'இன்டிஜர்' என்று சொன்னால் முழு எண்கள், பூச்சியமும் மறை முழு எண்களும் சேர்ந்தவை. 'பொசிட்டிவ்' என்றால் பூச்சியம் வெளியே, 'நொன் நெகடிவ்' என்றால் பூச்சியம் உள்ளே. 'டிஸ்டிங்க்ட்' என்றால் ஒன்றுக்கொன்று வேறானவை. 'பிரைம்' என்றால் முதன்மை எண். 1 அதில் சேராது, 2 சேரும்.

ஓர் உதாரணம். இரண்டு கணியங்களை ஒப்பிடச் சொல்லும் கேள்விகள் உண்டு. முதற் கணியம் ஓர் எண்ணின் வர்க்கம், இரண்டாவது அந்த எண்ணேதான். எண்ணைப் பற்றி வேறு தகவல் இல்லை. அவசரத்தில் வர்க்கம்தான் பெரிது என்று அமத்திவிடுவோம். 2ஐப் போட்டால் 4, பெரிது. அரையைப் போட்டால் கால், சிறிது. 1ஐப் போட்டால் இரண்டும் சமம். ஆகவே விடை 'தீர்மானிக்க முடியாது'. இந்த வகைக் கேள்வி வந்தால் பூச்சியம், 1, அரை, மறை 1, ஒரு பெரிய எண் என்று ஐந்தையும் போட்டுப் பார்க்காமல் விடை அமத்தக் கூடாது.

கான் அகடமியில் இந்தப் பரீட்சைக்கு வேண்டிய கணிதப் பாடங்கள் எல்லாம் இலவச வீடியோக்களாக இருக்கின்றன. கொழும்பில் பெரிய காசு கட்டி ரியூசன் எடுக்க வேண்டிய தேவையை நான் காணவில்லை.

படி 6: மொழிப் பகுதி

மூவாயிரம் சொல் மனப்பாடம் செய்யும் அட்டைக் கட்டுகளை எல்லோரும் வாங்குகிறார்கள். பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். நாளுக்குப் பத்துச் சொல், ஒவ்வொன்றுக்கும் நீங்களே எழுதிய ஒரு வசனம், அது போதும். அதைவிட முக்கியம், தெரிந்த சொல்லின் தெரியாத பொருள். 'குவாலிஃபை' என்றால் தகுதி பெறுவது மட்டும் இல்லை, சொன்ன கருத்தை மட்டுப்படுத்துவதும்தான். 'செக்' என்றால் தடுத்து நிறுத்துவது. 'டெம்பர்' என்றால் தணிப்பது. 'வோன்டிங்' என்றால் குறைபாடுள்ளது. நமக்குத் தெரியும் என்று நம்பிக் கடந்து போகும் சொற்கள்தான் காலை வாரிவிடும்.

வாசிப்புப் பந்திகளுக்கு ஒரு பழக்கம். காலையில் வெயில் ஏறும் முன் கடற்கரைப் பக்கம் போய், ஆங்கிலத்தில் ஒரு நீளமான அறிவியல் அல்லது வரலாற்றுக் கட்டுரையை வாசித்து, எழுதியவர் என்ன சொல்ல வந்தார் என்று ஒரே வசனத்தில் தமிழில் எனக்கே சொல்லிப் பார்ப்பேன். சொல்ல வரவில்லை என்றால் விளங்கவில்லை என்று அர்த்தம், திரும்ப வாசிப்பேன். மான்கள் புல் மேய்ந்துகொண்டு பக்கத்தில் வந்து நிற்கும். அந்த அரை மணித்தியாலத்தை ஒரு நாளும் நான் பாரமாக நினைத்ததில்லை.

கட்டுரைக்கு வரக்கூடிய தலைப்புகள் முழுவதையும் ஈ.டி.எஸ். இணையத்தில் போட்டிருக்கிறது. கிழமைக்கு இரண்டு எடுத்து லப்டொப்பில் தட்டுங்கள். பரீட்சைத் திரையில் எழுத்துப் பிழை திருத்தும் வசதி கிடையாது. போனிலேயே தட்டிப் பழகிய விரல்களுக்கு அது பெரிய வித்தியாசம்.

படி 7: பிழைக் கொப்பி

பிழைத்த ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதுங்கள்: தெரியாது, நேரம் போதவில்லை, கேள்வியைப் பிழையாக வாசித்தேன். இந்த மூன்றில் ஒன்று. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பாருங்கள். எனக்கு மூன்றாவது காரணம்தான் அதிகம் வந்தது. அது தெரிந்த பிறகுதான் புதுப் பாடம் தேடி ஓடுவதை நிறுத்திவிட்டு, கேள்வியின் கடைசி வரியைத் திரும்ப ஒருமுறை வாசிக்கும் பழக்கத்துக்கு வந்தேன்.

படி 8: பதிவும் பயணமும்

பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அப்படியே போட்டுப் பதியுங்கள். நம் பெயர்களில் தகப்பன் பெயர் முன்னே, முதலெழுத்து பின்னே என்று ஆயிரம் மாதிரி இருக்கிறது. பதிவில் ஒன்று, கையில் இருக்கும் ஆவணத்தில் இன்னொன்று என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். கட்டணம் நான் கட்டியபோது 220 அமெரிக்க டொலர். கட்டும் முன் அன்றைய தொகையைப் பாருங்கள்.

வீட்டிலிருந்தும் எழுதலாம். அறையில் நீங்கள் மட்டும், கதவு பூட்டியபடி, கமெராவில் அறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். குறிப்பெழுதச் சாதாரணத் தாள் பாவிக்க முடியாது, அழிக்கக்கூடிய சின்ன வெள்ளைப் பலகை, அல்லது கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மேலே எழுதி அழிக்கும் தாள்தான். மின்சாரம் போகாத, இணையம் அறுந்து போகாத, யாரும் கதவைத் தட்டாத வீடு உங்களுக்கு வாய்த்திருந்தால் செய்யுங்கள். என்னைக் கேட்டால் கொழும்புக்குப் போவதே நல்லது.

ஆனால் முதல் நாளே போங்கள். நான் ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க பஸ்ஸில் இருந்துவிட்டு, விடிய இறங்கி, முகம் கழுவி நேரே பரீட்சை நிலையத்துக்குப் போனேன். முதற் கணிதப் பகுதியில் ஒரு வரைபடக் கேள்வியோடு ஐந்து நிமிடம் மல்லுக்கட்டினேன். கடைசி மூன்று கேள்வியை வாசிக்கவே நேரமில்லை, வெறுமையாக விட்டேன். இரண்டாம் பகுதி இலகுவாக வந்தபோதே நடந்தது விளங்கிவிட்டது. வீட்டில் 162, 163 எடுத்தவளுக்குத் திரையில் 157. ஏசிக் குளிர் வேறு. நம் ஊர் வெக்கையில் பழகியவர்கள் ஒரு ஸ்வெட்டர் கொண்டுபோவது நல்லது.

படி 9: திரும்ப எழுதுவதா?

பரீட்சை முடிவில், புள்ளியைப் பதிவதா, இரத்துச் செய்வதா என்று திரை கேட்கும். இரத்துச் செய்யாதீர்கள். செய்தால் உங்கள் புள்ளி உங்களுக்கே தெரியாமல் போகும். நீங்கள் அனுப்பாத புள்ளியை எந்தப் பல்கலைக்கழகமும் பார்க்கப் போவதில்லை. பதிந்தால் மொழி, கணிதப் புள்ளிகள் உடனே தெரியும். அதன் பின்னர்தான் நான்கு இடங்களுக்கு இலவசமாக அனுப்பும் வாய்ப்பு வரும். மனத்துக்குத் திருப்தி இல்லை என்றால் அதை அப்படியே விடலாம்.

அன்று எந்த முடிவும் எடுக்காதீர்கள். கட்டுரைப் புள்ளியும் வரட்டும், பிறகு கொப்பியைத் திறவுங்கள்.

முதலில், உண்மைப் புள்ளிக்கும் வீட்டில் நேரம் பிடித்து எடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு புள்ளி அங்கும் இங்கும் ஆடுவது இந்தப் பரீட்சையின் இயல்பு, அதற்காகத் திரும்பக் காசு கட்டக் கூடாது. நாலைந்து புள்ளி கீழே போயிருந்து, அதற்கு நித்திரை, காய்ச்சல், நேரக் கணக்கு என்று பெயர் சொல்லக்கூடிய காரணமும் இருந்தால், திரும்ப எழுதுவது நியாயம். வீட்டில் எடுத்ததே அங்கும் வந்திருந்தால், அதே படிப்போடு போனால் அதே புள்ளிதான் வரும். படிக்கும் முறையை எங்கே மாற்றுவீர்கள் என்று பிழைக் கொப்பியைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் மட்டும் போங்கள். வீட்டில் எடுத்ததைவிடக் கூட வந்திருந்தால், பேசாமல் மூடி வையுங்கள்.

அடுத்து, படி 1இல் எழுதிய சராசரி. பொறியியல், கணினி பக்கம் போகிறவரின் கணிதப் புள்ளியைத்தான் துறை உற்றுப் பார்க்கும். மொழியில் இரண்டு புள்ளி ஏற்றுவதற்காக ஒன்றரை மாதம் செலவழிப்பது வீண். மொழி, வரலாறு பக்கம் போகிறவருக்கு இது மறுதலை. உங்கள் பட்டியலில் 'கட்டாயம்' நிரலில் ஒரு துறைதான் இருக்கிறது என்றால், இன்னொரு 220 டொலரை வேறு விண்ணப்பக் கட்டணங்களுக்குக் கொடுப்பதையும் யோசியுங்கள். அந்த ஆறு கிழமையில், ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்க அறிக்கையை நாலு தரம் திருத்தலாம், பரிந்துரைக் கடிதம் தரும் விரிவுரையாளரை நேரில் போய்ச் சந்திக்கலாம்.

"திரும்பவும் காசு கட்டப் போறியே பிள்ளை?" என்று அம்மா கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்போது நான் ஏற்கெனவே கட்டி முடித்திருந்தேன். இரண்டு நாள் கழித்து இதே கணக்கைத் தாளில் போட்டு அவருக்குக் காட்டினேன். ஐந்து புள்ளி வித்தியாசம், காரணம் தெரியும், துறையின் சராசரி 162, கடைசித் திகதிக்கு எட்டுக் கிழமை இருக்கிறது. அம்மா தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த முறை முதல் நாளே போய் மாமி வீட்டை நில்" என்றார்.

படி 10: போவதென்றால்

புதுப் புத்தகம் வாங்காதீர்கள். பழைய பிழைக் கொப்பியிலிருந்து, 'பிழையாக வாசித்தேன்' என்று குறித்த கேள்விகளை எடுத்துத் திரும்பச் செய்யுங்கள். கிழமைக்கு ஒருமுறை 21 நிமிடக் கடிகாரம் வைத்து 12 கணக்கு. இரண்டு நிமிடம் தாண்டியும் வழி தெரியவில்லை என்றால் ஒரு விடையை அமத்தி, குறி போட்டுவிட்டு நகரும் பழக்கம் கைக்கு வரும்வரை. திகதி மாற்ற வேண்டி வந்தால் பரீட்சைக்கு நான்கு நாளுக்கு முன்பே மாற்றுங்கள், அதற்கும் கட்டணம் உண்டு.

இரண்டாம் தரத்தில் எனக்கு 163 வந்தது. திரையில் பல்கலைக்கழகங்களைத் தெரிவு செய்யும்போது 'மிகப் பிந்திய புள்ளி', 'எல்லாப் புள்ளியும்' என்று இரண்டு தெரிவு இருக்கும். முதலாவதைத் தொட்டேன்.