தப்கே வரிசையில் ஓர் இடம்

வட இஸ்ரேலின் கலிலேயாப் பகதியில் உள்ள அரபு ஊர்களில் கல்யாணம் என்றால், கைகோத்து வரிசையாக நின்று தரையை மிதித்து ஆடும் தப்கே ஆட்டம் இருக்கும். அறிவுசார் குறைபாடு உள்ள, வயதுவந்த ஒருவரை ஓர நாற்காலியில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்வது எளிது. வரிசைக்குள் கொண்டுவரக் கொஞ்சம் தயாரிப்பு வேண்டும்.

முதலில் அவருக்கே விருப்பமா என்று பாருங்கள். "ஆடலாமா?" என்று கேட்டால், கேட்டவரைத் திருப்திப்படுத்தவே "ஆமாம்" வந்துவிடும். தப்கே படம் ஒன்று, அவருக்குப் பழகிய வேறு பொழுதுபோக்கின் படம் ஒன்று என இரண்டை மட்டும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். மறுநாள் இடம் மாற்றி வையுங்கள். இரண்டு நாளும் வலப்பக்கம் இருந்ததையே எடுத்தால் கை பழகிய பக்கம் போகிறது. இன்னும் சில நாள் பாருங்கள். டவுன் நோய்க்குறி உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு உண்டு. சிலருக்குக் கழுத்து முதுகெலும்பின் மேல் மூட்டும் தளர்ந்திருக்கும். குதிப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

அடிப்படை ஆட்டத்துக்கு 6 எண்ணிக்கை. வரிசை வலப்புறம் நகரும்: இடது கால் வலதுக்கு முன்னால் குறுக்கே, வலது கால் பக்கவாட்டில், மறுபடி இடது குறுக்கே, வலது பக்கவாட்டில், இடது காலால் காற்றில் ஓர் உதை, பிறகு அதே காலால் தரையில் ஓங்கி மிதி.

இதைக் கடைசியிலிருந்து சொல்லிக்கொடுங்கள். முதல் ஐந்தையும் மற்றவர்கள் ஆட, அவர் மிதி மட்டும் மிதிக்கட்டும். தரை அதிரும் அந்தச் சத்தமே பாதி ஆசிரியர். அது படிந்ததும் உதையையும், அடுத்து நான்காம் அடியையும் சேருங்கள். எதிரே நின்று காட்டாதீர்கள், இடம் வலம் குழம்பும். பக்கத்தில் நின்று கைகோத்துக்கொள்ளுங்கள். இடது கணுக்காலில் சிவப்புத் துணி கட்டினால் "சிவப்பு" என்ற ஒரே சொல் போதும். நொடிக்கு ஒரு கைதட்டு, பத்து நிமிடம், அவ்வளவுதான். மிஜ்விஸ் குழலின் கீச்சொலியைப் பிறகு, குறைந்த ஒலியில் சேர்க்கலாம்.

தடுமாறுவது பெரும்பாலும் குறுக்கு அடியில்தான். சமநிலை போதாதவர் இடது காலை வலதுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும், யாரும் கவனிக்கமாட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் வரிசையின் தலைப்பில் ஆடும் லவ்வீஹ் போல ஜெபமாலையைச் சுழற்றலாம். அது வரிசையை நடத்துபவரின் வேலை, கௌரவமான இடம்.

கல்யாணத்தன்று அவரை நடுவில், பழகிய இருவருக்கு இடையே நிறுத்துங்கள். வால் முனையில் கூடாது: வரிசை வளையும்போது கடைசி ஆள் ஓடவேண்டிவரும். சில குடும்பங்களில் ஆண், பெண் வரிசைகள் தனித்தனி; முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கையை இருமுறை அழுத்தினால் வெளியேற விரும்புகிறார் என்று அடையாளம் பழக்குங்கள். அழுத்தியதும் பக்கத்திலிருப்பவர் ஒருவர் அவரோடு விலக, மற்றவர்கள் கைகோத்து இடைவெளியை மூடிவிடுவார்கள்.